ஆடத் தகுந்தவர்கள்

1912 நவம்பர் 28. அமெரிக்காவில் அது நன்றி செலுத்தும் நாள். ஊரே விடுமுறையில் இருந்தது. பிராவிடன்ஸ் நகரில் பனி விழுந்துகொண்டிருந்தது. பிரௌன் பல்கலைக்கழகத்தோடு மோதுவதற்காகக் கார்லைல் இந்தியத் தொழிற்பள்ளியின் கால்பந்து அணி பென்சில்வேனியாவிலிருந்து வந்திருந்தது. ஆட்டம் முடிந்தபோது கார்லைல் 32, பிரௌன் 0. அந்தப் பருவத்தில் கார்லைல் ஆடியவை 14 ஆட்டங்கள். 12 வெற்றி, ஒரு தோல்வி, ஒரு சமன். எடுத்த புள்ளிகள் 504, விட்டுக்கொடுத்தவை 114. அணித்தலைவர் ஜிம் தோர்ப் அந்தப் பள்ளிக்காக ஆடிய கடைசி ஆட்டம் அதுதான். எட்டு வாரம் கழித்து மாசசூசெட்ஸ் மாநிலத்து உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் அவரைப் பற்றி ஒரு செய்தி வந்தது. அதன் பிறகு அந்தப் பருவத்தைப் பற்றி யாராலும் மகிழ்ச்சியாக மட்டும் பேச முடியவில்லை.

நான் பல வருடங்களாகத் திரும்பத் திரும்பப் படித்துவரும் கதை இது. ஒவ்வொரு முறை படிக்கும்போதும் ஒரே சொல்லில் வந்து நிற்கிறேன்: தகுதி. இவன் ஆடலாமா, கூடாதா? இந்தக் கேள்வியைக் கேட்கிற இடத்தில் யார் இருந்தார்கள், பதில் சொல்ல வேண்டிய இடத்தில் யார் நிறுத்தப்பட்டார்கள் என்பதை விட்டுவிட்டு அந்தப் பருவத்தின் வெற்றி தோல்விகளை மட்டும் சொல்ல என்னால் ஆகவில்லை.

முதலில் பெயரைச் சொல்லிவிட வேண்டும். 'இந்தியர்' என்று இங்கே நான் எழுதுவது அமெரிக்க மண்ணின் பூர்வகுடிகளை. கடல்வழி தேடி வந்த ஒருவரின் பிழையால் அவர்கள் மேல் விழுந்த பெயர். சாக் அண்டு ஃபாக்ஸ், ஓஜிப்வே, ஹோப்பி, லகோட்டா என்று அவர்களுக்குத் தத்தம் பெயர்கள் இருந்தன. கார்லைல் பள்ளியின் வேலையே அந்தப் பெயர்களை மறக்கடிப்பதுதான். 1879இல் ரிச்சர்டு ஹென்றி பிராட் என்ற ராணுவ அதிகாரி, காலியாகக் கிடந்த ஒரு ராணுவ முகாமில் அதைத் தொடங்கினார். இந்தியனுக்குள் இருக்கும் இந்தியனைக் கொன்றுவிட்டு மனிதனை மட்டும் காப்பாற்றுவது என்பது அவரே வெளிப்படையாகச் சொன்ன கொள்கை. வந்து இறங்கிய பிள்ளைகளின் தலைமுடியை வெட்டினார்கள். சீருடை மாட்டினார்கள். தாய்மொழியில் பேசினால் தண்டனை. பாதி நாள் வகுப்பு, பாதி நாள் பட்டறை. சில மாதங்கள் வெள்ளையர் பண்ணைகளுக்கும் வீடுகளுக்கும் வேலைக்கு அனுப்பிவைப்பார்கள். அந்தக் கூலியும் பிள்ளையின் கைக்கு நேராக வராது, பள்ளியின் கணக்குக்குப் போகும்.

அங்கேதான் பந்து வந்து சேர்ந்தது. அமெரிக்கக் கால்பந்தில் பந்து காலில் படுவது கொஞ்ச நேரம்தான். மிச்ச நேரமெல்லாம் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவதும், ஓடுகிறவனை உடம்பால் மோதி வீழ்த்துவதும்தான். 1890களின் தொடக்கத்தில் ஒரு மாணவனின் கால் முறிந்தபோது, வெளியூர் அணிகளோடு ஆடக் கூடாது என்று பிராட் தடை போட்டார். பையன்கள் சிலர் அவர் அறைக்குப் போய் வாதாடினார்கள். பிராட் மனம் மாறி இரண்டு நிபந்தனைகள் விதித்தார். எதிராளி குத்தினாலும் நீங்கள் திருப்பிக் குத்தக் கூடாது. சில ஆண்டுகளுக்குள் நாட்டின் பெரிய அணிகளைத் தோற்கடிக்க வேண்டும். பிராட் பின்னாளில் தாமே பெருமையோடு எழுதியது இது. நான் அதைப் புரிந்துகொள்வது வேறு மாதிரி. இந்த ஆட்டம் ஒன்றுதான் அந்தப் பிள்ளைகள் தாங்களாகக் கேட்டு வாங்கியது. அந்தப் பள்ளியில் மற்றவை எல்லாம் அவர்கள் மேல் திணிக்கப்பட்டவை.

1899இல் கிளென் வார்னர் பயிற்சியாளராக வந்தார். எல்லோரும் அவரை 'பாப்' வார்னர் என்றார்கள். நடுவே சில ஆண்டுகள் கார்னலுக்குப் போய்விட்டு 1907இல் திரும்பினார். ஆட்டத்தின் அமைப்பை இவ்வளவு நுட்பமாகச் சிந்தித்தவர் அந்தக் காலத்தில் மிகக் குறைவு. கார்லைல் ஆட்டக்காரர்கள் எடையில் குறைந்தவர்கள். எடையோடு எடை மோதினால் நசுங்கிவிடுவார்கள். ஆகவே வேகம், ஏமாற்று, பரந்து ஆடுவது. 1906இல் பந்தை முன்னோக்கி எறியலாம் என்று விதி மாறியபோது பெரிய கல்லூரிகள் தயங்கிக்கொண்டிருந்தன. கார்லைல் அடுத்த ஆண்டே அதை எடுத்து முழு ஆயுதமாக்கியது. 1907இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தை 26-6 என்று வென்றது. ஹார்வர்டையும் சிகாகோவையும் வென்றது. ஆட்ட நுட்பம் அறிந்தவர்கள் இன்றைய அமெரிக்கக் கால்பந்தின் வேரை அந்தப் பருவத்தில் தேடுவார்கள்.

வென்றபோது கூட்டம் வந்தது, கூட்டத்தோடு பணமும் வந்தது. கார்லைலின் சொந்த மைதானம் சிறியது. பெரிய ஆட்டங்கள் எல்லாம் வெளியூரில்தான். பருவம் முழுக்க ரயில். நியூயார்க், பிலடெல்பியா, பாஸ்டன், சிகாகோ என்று எங்கே போனாலும் 'இந்தியர்களை'ப் பார்க்க ஜனங்கள் டிக்கெட் வாங்கினார்கள். வசூலில் பங்கு பள்ளியின் விளையாட்டு நிதிக்குப் போனது. அந்த நிதி அரசாங்கத் தணிக்கைக்கு வெளியே இருந்தது. வார்னரும் கண்காணிப்பாளரும் கையாண்டார்கள். அதில் கட்டடங்கள் எழுந்தன. ஒரு பகுதி வேறு வழிகளிலும் போயிற்று. அதைப் பின்னால் சொல்கிறேன்.

தகுதிச் சண்டை கார்லைலில் தொடங்கியதில்லை. கல்லூரிக் கால்பந்து பிறந்த நாள் முதல் அதோடு ஒட்டி வளர்ந்தது. 1896இல் மேற்கு வர்ஜீனியாவில் சட்டம் படித்துக்கொண்டிருந்த ஃபீல்டிங் யோஸ்ட், திடீரென்று லஃபாயெட் கல்லூரியின் மாணவராகி, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கு எதிரான பெரிய ஆட்டத்தில் ஆடினார். லஃபாயெட் 6-4 என்று வென்றது. யோஸ்ட் சில நாட்களில் மேற்கு வர்ஜீனியாவுக்குத் திரும்பி அங்கேயே சட்டப் படிப்பை முடித்தார். பின்னாளில் மிச்சிகனின் மாபெரும் பயிற்சியாளர் என்று கொண்டாடப்பட்டார். அந்த ஒற்றை ஆட்டம் அவர் புகழைக் கீறவில்லை. 1904இல் யேல் அணித்தலைவர் ஜேம்ஸ் ஹோகனுக்கு வயது 27க்கு மேல். தங்குமிடம், சாப்பாடு, படிப்புச் செலவு எல்லாம் இலவசம். பேஸ்பால் ஆட்டங்களில் விற்கும் ஆட்டக்குறிப்பு அட்டைகளின் லாபத்தில் பங்கு. யேல் வளாகத்தில் விற்கும் ஒரு சிகரெட்டுக்கு அவர்தான் முகவர். பருவம் முடிந்ததும் கியூபாவுக்கு உல்லாசப் பயணம். மறுவருடம் ஹென்றி பீச் நீடம் என்ற பத்திரிகையாளர் மெக்ளூர்ஸ் இதழில் இதையெல்லாம் எழுதினார். நாடு அதிர்ந்தது. ஹோகனின் எந்த வெற்றியும் ஏட்டிலிருந்து அழிக்கப்படவில்லை.

அதே ஆண்டு மைதானத்தில் நேர்ந்த சாவுகளால் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் வரை விஷயம் போய், 1906இல் கல்லூரிகள் ஒரு சங்கமாகக் கூடின. 1910இல் அது பெயர் மாறி இன்றைய என்சிஏஏ ஆயிற்று. விதிகள் வடிவம் பெற்றன. முழுநேர மாணவனாக இருக்க வேண்டும். முதலாண்டு மாணவன் ஆடக் கூடாது. மொத்தம் மூன்று வருடங்கள்தான். வேறு கல்லூரியிலிருந்து வந்தால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். எந்த விளையாட்டிலும் பணத்துக்கு ஆடியிருக்கக் கூடாது. எல்லாக் கல்லூரிகளும் ஒரே நாளில் ஏற்கவில்லை. ஆனாலும் நேர்மையின் அளவுகோல் என்ன என்பது ஏறத்தாழ முடிவாகிவிட்டது.

இந்த விதிகளை நான் இழிவாக நினைக்கவில்லை. கூலிக்கு ஆள் பிடித்து ஆடும் அணியிடம் நேர்மையாகப் படித்துக்கொண்டே ஆடுகிறவன் தோற்பது அநியாயம்தான். என்னை உறுத்துவது வேறு. ஒவ்வொரு விதியும் ஒரு குறிப்பிட்ட மாணவனை மனதில் வைத்து எழுதப்பட்டது. அவன் தானாகக் கல்லூரியைத் தேர்ந்தவன். நான்கு வருடத்தில் பட்டம் வாங்குவான். கோடையில் வேலை பார்க்காவிட்டாலும் அவன் வீட்டில் அடுப்பு எரியும். கார்லைல் அந்தக் கட்டத்துக்குள் எந்தப் பக்கமும் அடங்கவில்லை. அது கல்லூரியே இல்லை, பட்டம் தரவில்லை. பத்து வயதுச் சிறுவர்களும் இருபது கடந்த இளைஞர்களும் ஒரே வளாகத்தில் இருந்தார்கள். ஐந்து வருட ஒப்பந்தத்தில் சேர்ப்பார்கள், முடிந்ததும் மறுபடி சேர்ப்பார்கள். அங்கே ஒருவன் எத்தனையாம் ஆண்டு மாணவன் என்று யார் கணக்கிடுவது? வேறு பள்ளியிலிருந்து வந்தவனை மாறி வந்தவன் என்பதா, மாற்றப்பட்டவன் என்பதா?

எதிரணிகள் இதைக் கேட்டார்கள். கேட்டதில் நியாயமும் இருந்தது. ஆனால் அந்தக் கேள்வியை எல்லோரையும்விடக் கூர்மையாகக் கேட்டவர் ஓர் இந்தியர். கார்லோஸ் மான்டெசூமாவைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

யவபாய் குடியில் பிறந்தவர். பிறந்த பெயர் வசாஜா. 1871இல் வேறொரு குடியினர் அவரைச் சிறைபிடித்து, கார்லோ ஜென்டீலே என்ற இத்தாலியப் புகைப்படக்காரரிடம் 30 வெள்ளி டாலருக்கு விற்றார்கள். அவர் பையனை வளர்த்துப் படிக்க வைத்தார். மான்டெசூமா சிகாகோவில் மருத்துவம் முடித்து, 1890களில் கார்லைல் பள்ளியின் மருத்துவராகவே சில ஆண்டுகள் இருந்தார். பிராட்டின் நண்பர். இந்தியன் கல்வியால் உயர முடியும் என்பதற்குத் தன் உடம்பையே சாட்சியாக வைத்திருந்த மனிதர். 1907 நவம்பரில், சிகாகோ அணியைக் கார்லைல் வென்ற நாட்களில், சிகாகோ பத்திரிகையில் எழுதினார். இந்த அணியில் ஆடுகிற பலர் உண்மையில் மாணவர்கள் இல்லை, வகுப்புக்குப் போவதில்லை, ஆடுவதற்காகவே கொண்டுவரப்பட்டு அதற்குப் பணமும் பெறுகிறார்கள். கல்விக்காக எழுந்த பள்ளி பந்துக்காக நடக்கிறது. இதுதான் அவர் குற்றச்சாட்டு.

வார்னர் மறுத்தார். ஆனால் விளையாட்டு நிதியிலிருந்து ஆட்டக்காரர்களுக்குப் பணம் போனது பிற்கால விசாரணையில் வெளிவந்தது. மான்டெசூமா சொன்னது பொய்யில்லை.

அவர் எழுதியதைப் படித்து அவர் பக்கம் சாய்வேன். அடுத்த நிமிடம், அந்தப் பணம் கையில் விழுந்த இளைஞனை நினைப்பேன். அவன் கூலியைப் பள்ளி வைத்திருக்கிறது. அவன் குடும்பத்தின் நிலக்குத்தகையை அரசாங்க முகவர் வைத்திருக்கிறார். ஒரு கோட்டு வாங்கக்கூட மனுப்போட வேண்டும். இந்தியர் அனைவருக்கும் அமெரிக்கக் குடியுரிமை வந்ததே 1924இல்தான். தன் சொந்தப் பணத்தைத் தொட முடியாதவன் மைதானத்தில் ஆடியதற்குச் சில டாலர்களும் ஒரு கோட்டும் பெற்றான். அவன் மேல் எந்த வாயால் குற்றம் சொல்வேன்? மான்டெசூமாவும் அவனைக் குற்றம் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். அவனைப் பள்ளி வீணடிக்கிறது என்றுதான் கோபப்பட்டார். ஆனால் பத்திரிகைத் தலைப்பு அந்த வேறுபாட்டைக் காட்டாது.

இப்போது தோர்ப். இந்தியப் பிரதேசம் என்று அப்போது வழங்கிய ஒக்லஹோமாவில் சாக் அண்டு ஃபாக்ஸ் குடியில் பிறந்தவர். இரட்டையாய்ப் பிறந்த சகோதரன் சிறு வயதிலேயே இறந்தான். பிறகு தாய் போனார். 1904இல் கார்லைலுக்கு வந்த கொஞ்ச நாளில் தந்தையும் போனார். பண்ணைகளில் வேலைக்கு அனுப்பப்பட்டு, திரும்பி வந்து, வார்னரின் கண்ணில் பட்டார். 1909 கோடையில் வேறு இரண்டு கார்லைல் மாணவர்களோடு வட கரோலினாவுக்குப் போய், ராக்கி மவுன்ட் என்ற சிற்றூர் அணிக்காகச் சம்பளத்துக்கு பேஸ்பால் ஆடினார். அடுத்த கோடையிலும் ஆடினார். அந்தச் சிறு லீக்குகளில் கோடைதோறும் கல்லூரி மாணவர்கள் நிறையப் பேர் ஆடினார்கள். விவரம் தெரிந்தவர்கள் பொய்ப்பெயரில் ஆடினார்கள். தோர்ப் தன் பெயரிலேயே ஆடினார். அவர் பெயர் உள்ளூர்ப் பத்திரிகைகளில் அச்சாயிற்று. ஊருக்கே தெரிந்த இந்தச் செய்தி வார்னருக்கு மட்டும் தெரியாது என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

1911இல் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அந்த நவம்பரில் ஹார்வர்டை 18-15 என்று கார்லைல் வென்றது. தோர்ப் காயம்பட்ட காலோடு நான்கு முறை பந்தைக் கம்பத்துக்கு மேலாக உதைத்து அனுப்பினார். 1912 கோடையில் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக். பென்டத்லான், டெக்கத்லான் இரண்டிலும் தங்கம். அதே கப்பலில் போன இன்னொரு கார்லைல் மாணவர் லூயிஸ் டெவானிமா, 10,000 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வாங்கினார். அவர் ஹோப்பி. தங்கள் பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு அனுப்ப மறுத்த ஊர்க்காரர்களை ராணுவம் பிடித்தபோது, அவர்களில் ஒருவராய் 1907இல் கார்லைலுக்கு அனுப்பப்பட்டவர். கைதியாக வந்தவர் அமெரிக்கக் கொடியைத் தாங்கிய சட்டையோடு ஓடினார். ஓடி முடித்ததும் ஊருக்குத் திரும்பி ஆடு மேய்க்கப் போய்விட்டார்.

அந்த இலையுதிர்காலத்துக் கால்பந்துப் பருவம் புது விதிகளோடு தொடங்கியது. பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டும் டச்டவுனுக்கு ஐந்துக்குப் பதில் ஆறு புள்ளி. பத்து கஜம் முன்னேற மூன்றுக்குப் பதில் நான்கு வாய்ப்பு. கார்லைல் ஆல்பிரைட்டை 50-7 என்று வீழ்த்தியது. வில்லனோவாவை 65-0. வாஷிங்டன் அண்டு ஜெபர்சன் கல்லூரியோடு யாருக்கும் புள்ளியில்லாமல் முடிந்தது. டொராண்டோவில் பாதி ஆட்டம் அமெரிக்க விதியில், மறுபாதி கனடா விதியில் ஆடி 49-1 என்று வென்றது. விதி மாறினாலும் ஆட்டம் மாறாத அணி அது.

எல்லோரும் நினைவில் வைத்திருப்பது நவம்பர் 9. வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி மைதானம். எதிரே வருங்கால ராணுவ அதிகாரிகள். பதினான்கு வருடம் முன்புவரை கார்லைல் பிள்ளைகளின் குடிகளோடு போர் புரிந்துகொண்டிருந்த ராணுவம். உங்கள் தந்தையரையும் பாட்டன்மாரையும் கொன்றவர்களின் பிள்ளைகள் இவர்கள் என்று ஆட்டத்துக்கு முன் வார்னர் சொன்னதாகச் சொல்வார்கள். சொல்லியிருக்கக்கூடும். ஆனால் அவர்களுடைய துயரத்தை அவர் எடுத்து எரிபொருளாக்கியது எனக்கு உவப்பாக இல்லை. அந்த நினைவுக்கு அவர்களுக்கு அவர் தேவைப்பட்டிருக்க மாட்டார்.

ஆட்டம் 27-6. அதைச் சுற்றி வளர்ந்த கட்டுக்கதைகள் பல. தோர்ப் மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஓடிய ஓட்டங்கள் ஒவ்வொரு புத்தகத்திலும் நீண்டுகொண்டே போகின்றன. அன்றைய கணக்குப்படி தோர்ப் டச்டவுன் எதுவும் போடவில்லை. மூன்றைப் போட்டவர் அலெக்ஸ் ஆர்காசா, நான்காவது ஜோ பெர்ஜி. தோர்ப் வழி திறந்தார், எதிராளிகளை இழுத்தார், உதைத்துப் புள்ளி சேர்த்தார். கஸ் வெல்ச் குவார்ட்டர்பேக்காக நின்று ஆட்டத்தை நடத்தினார். ராணுவ அணியின் தலைவர், கார்லைல் ஆட்டக்காரர் ஜோ கையானைத் தாக்கியதற்காக வெளியேற்றப்பட்டார். ராணுவ அணியில் தோர்ப்பை வீழ்த்தியே தீருவது என்று பாய்ந்தவர்களில் ஒருவர் டுவைட் ஐசன்ஹோவர். பிற்காலக் குடியரசுத் தலைவர். அவர் தோர்ப்பின் ஆட்டத்தைக் கடைசிவரை வியந்து பேசினார். திருப்பிக் குத்தக் கூடாது என்ற பழைய நிபந்தனையை நினைத்துக்கொண்டு இந்த ஆட்டத்தின் விவரங்களைப் படித்தால் மனம் நிறைகிறது. ஒற்றை வீரனின் சாகசமாக இதைச் சொல்லும்போது ஆர்காசாவும் வெல்ச்சும் மறைந்துபோகிறார்கள். அது எனக்கு வருத்தம்.

அடுத்த வாரம் பென்சில்வேனியாவிடம் 34-26 என்று தோற்றார்கள். பிறகு ஸ்பிரிங்ஃபீல்டு. பிறகு பனியில் பிரௌன்.

1913 ஜனவரி கடைசி வாரங்களில் வூஸ்டர் நகரத்துப் பத்திரிகை, கரோலினாவில் பேஸ்பால் அணி நடத்திய ஒருவர் சொன்னதை வைத்து, தோர்ப் சம்பளத்துக்கு ஆடியவர் என்று எழுதியது. நாடெங்கும் பரவியது. அமெச்சூர் தடகளச் சங்கத்தின் செயலாளர் ஜேம்ஸ் சல்லிவனுக்குத் தோர்ப்பின் பெயரில் ஒரு கடிதம் போயிற்று. நான் வெறும் இந்தியப் பள்ளிச் சிறுவன், இதெல்லாம் தவறென்று எனக்குத் தெரியாது, மற்றக் கல்லூரி மாணவர்களும் ஆடினார்கள், அவர்கள் தந்திரமாகப் பெயரை மாற்றிக்கொண்டார்கள் என்ற பொருளில் அது இருந்தது. எழுதிக் கொடுத்தவர் வார்னர் என்றே வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். தோர்ப்புக்கு அப்போது வயது 25 அளவில். உலகத்தின் தலைசிறந்த தடகள வீரர். 'பள்ளிச் சிறுவன்' என்று தன்னைத் தானே எழுதிக் கையெழுத்திட வேண்டியிருந்தது. வளர்ந்த மனிதனைப் 'பையா' என்று கூப்பிடுவதில் என்னென்ன அடங்கியிருக்கிறது என்பதைத் தமிழில் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கண்காணிப்பாளர் மோசஸ் ஃப்ரீட்மன் பள்ளிக்கு எதுவும் தெரியாது என்று எழுதினார். பதக்கங்கள் திருப்பி அனுப்பப்பட்டன. பெயர் ஏட்டிலிருந்து நீக்கப்பட்டது. ஸ்டாக்ஹோம் போட்டிகளின் விதிப்படி, ஒருவரின் தகுதியை எதிர்த்து முறையிட முப்பது நாள்தான் அவகாசம். அது கழிந்து மாதங்கள் ஆகியிருந்தன. விதியைக் காப்பதாகச் சொன்னவர்கள் தங்கள் விதியைத் திறந்து பார்க்கவில்லை. யேல் மாணவர் ஹோகனுக்குக் கிடைத்த மௌனம் தோர்ப்புக்குக் கிடைக்கவில்லை.

வார்னர் அடுத்த பருவமும் கார்லைலில் பயிற்சியளித்தார்.

இங்கேதான் கஸ் வெல்ச். 1912 அணியின் குவார்ட்டர்பேக், ஓஜிப்வே. பெரும்பாலான நூல்களில் அவருக்கு ஒரு பத்தி கிடைக்கும். என் கணக்கில் அந்தப் பருவத்தின் மிகப் பெரிய ஆட்டத்தை அவர் ஆடியது மைதானத்துக்கு வெளியே. பள்ளியின் சாப்பாடு, அடி, நிர்வாகத்தின் பணக் கையாடல் எல்லாவற்றையும் விசாரிக்க வேண்டும் என்று ஒரு மனு தயாரித்து, மாணவர்களிடம் கையெழுத்து வாங்கினார். இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். 1914 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றக் கூட்டுக்குழு கார்லைலுக்கு வந்தது. ஆட்டக்காரர்களே உட்கார்ந்து சாட்சி சொன்னார்கள். வார்னர் கெட்ட வார்த்தைகளால் திட்டுவது, கை நீட்டுவது, ஆட்டச் சீட்டுகளை விற்றுக் காசாக்குவது எல்லாம் பதிவாயின. விளையாட்டு நிதியின் கணக்குகள் திறக்கப்பட்டன. யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்று கேட்கப்பட்டது. ஃப்ரீட்மன் பதவி இழந்தார். வார்னர் அந்த ஆண்டோடு கிளம்பிப் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் புகழோடு சேர்ந்தார்.

அந்த மனுவைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ நிமிர்கிறது. அதுவரை அந்தப் பிள்ளைகளிடம் எல்லோரும் கேட்டார்கள்: நீ மாணவனா, அமெச்சூரா, எத்தனை வருடம் ஆடினாய், யார் பணம் தந்தது? எங்கள் மேல் ஆட்சி நடத்த இவர்களுக்கு என்ன தகுதி என்று முதல் முறையாக அவர்கள் திருப்பிக் கேட்டார்கள்.

தோர்ப் 1953இல் காலமானார். 1912இல் அதே இரண்டு போட்டிகளிலும் அவருக்கு வெகு கீழே முடித்த ஏவரி பிரண்டேஜ், பிறகு இருபது வருடம் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் தலைவராக இருந்தார், பதக்கம் திரும்பவில்லை. ஃப்ளாரன்ஸ் ரிட்லான் என்ற ஆய்வாளர் வாஷிங்டனில் நாடாளுமன்ற நூலகத்தில், அலமாரிக்குப் பின்னால் விழுந்து கிடந்த 1912 விதிப்புத்தகத்தைக் கண்டெடுத்தார். முப்பது நாள் விதி அதில் இருந்தது. 1982இல் தோர்ப் 'இணை வெற்றியாளர்' ஆக்கப்பட்டார். 2022 ஜூலையில்தான் தனி வெற்றியாளர் என்று அறிவித்தார்கள். 110 ஆண்டுகள். டெக்கத்லானில் அவருக்கு அடுத்து வந்த ஸ்வீடன் வீரர் ஹூகோ வீஸ்லாண்டர், அந்தத் தங்கம் தன்னுடையது என்று ஒருநாளும் ஏற்கவில்லை என்று அவருடைய குடும்பத்தார் சொன்னார்கள்.

கார்லைல் பள்ளி 1918இல் மூடப்பட்டது. முதல் உலகப் போரில் காயம்பட்டவர்களுக்கு மருத்துவமனை வேண்டியிருந்ததால் ராணுவம் இடத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. இன்றும் ராணுவ வளாகம்தான். உயர் அதிகாரிகளுக்கான போர்க்கல்லூரி அங்கே நடக்கிறது. பையன்கள் பயிற்சி எடுத்த மைதானம் அப்படியே இருக்கிறது. இந்தியன் ஃபீல்டு என்றே பெயர். அதே வளாகத்தில் வரிசையாக வெள்ளைக் கற்கள் நட்ட ஒரு சிறு கல்லறைத் தோட்டமும் உண்டு. வீடு திரும்பாத பிள்ளைகள் அங்கே கிடக்கிறார்கள். முதலில் ஏறத்தாழ 180 கல்லறைகள் இருந்தன. காசநோய், காய்ச்சல், அம்மை. சில கற்களில் பெயர் தப்பு. சிலவற்றில் பெயரே இல்லை. 1927இல் வளாகத்தில் இடம் வேண்டும் என்று எல்லாவற்றையும் தோண்டி வேறு மூலைக்கு மாற்றினார்கள்.

2017 முதல் குடிகள் தங்கள் பிள்ளைகளின் எலும்புகளை ஊருக்கு எடுத்துப்போகத் தொடங்கியிருக்கிறார்கள். அதற்கு ராணுவத்தின் ஒரு நடைமுறை உண்டு. ஒரு குடி முழுவதும் சேர்ந்து வந்து கேட்டால் போதாது. இறந்த பிள்ளையின் மிக நெருங்கிய உறவினர் யாரோ அவர், தான் அந்த உறவினர்தான் என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். ஒன்றேகால் நூற்றாண்டுக்கு முன் செத்த, பிள்ளை பெறும் வயதுக்கு வராத சிறுவன். அவனுக்கு மிக நெருங்கியவர் இன்று யார்? நெப்ராஸ்காவின் வின்னபாகோ குடி, தங்கள் இரண்டு சிறுவர்களுக்காக 2024 ஜனவரியில் இந்த நடைமுறையை எதிர்த்து ராணுவத்தின் மேல் வழக்குப் போட்டது.